மஞ்சள் நோட்டீஸா, சமரசமா, சொந்த விற்பனையா: கடன் முற்றிய குடும்பம் வீட்டைக் காக்கும் வழிகள்

கடன் கழுத்தை நெரிக்கும்போது தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் காதில் முதலில் விழும் யோசனை ‘ஐ.பி. போட்டுவிடு’, அதாவது நீதிமன்றத்தில் நொடிப்பு மனுப் போட்டுவிடு என்பதுதான். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள், வீடும் தப்பிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் நெடுங்காலமாக உண்டு. இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதி பெரும்பாலானோர் விஷயத்தில் தவறு. நொடிப்புச் சட்டம் கடனாளியைச் சிவில் சிறையிலிருந்து காக்கிறது. அதற்கு ஈடாக அவருடைய சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுகிறது. ஆகவே வீட்டைக் காப்பதுதான் நோக்கம் என்றால், ஐ.பி. மனுவை மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, அதில் தனிநபருக்கும் இடம் இருக்கும் என்று வருகிறார்கள். அச்சட்டத்தின் தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. மளிகைக் கடைக்காரருக்கும் விசைத்தறிக்காரருக்கும் சம்பளக்காரருக்கும் பழைய சட்டங்கள்தாம்: சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மனு உயர் நீதிமன்றத்தில், மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், மனு பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில். இரண்டின் சாரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கீழே சொல்வதெல்லாம் 1920 சட்டத்தை வைத்துச் சொல்வது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கையில் எடுக்க வேண்டிய தாள் வில்லங்கச் சான்று. வங்கியில் மூலப்பத்திரம் ஒப்படைத்து வாங்கிய வீட்டுக் கடன், பதிவு செய்த அடமானம், கிரய ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம் ஆகியவை அதில் ஏறியிருக்கும். புரோநோட்டு, கைமாற்று, தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி போன்றவை ஏறியிருக்காது. முதல் வகைக் கடன் வீட்டோடு ஒட்டியது. இரண்டாம் வகை ஆளோடு ஒட்டியது. இரண்டுக்கும் பரிகாரம் வேறு வேறு என்பதால், மொத்தக் கடன் எவ்வளவு என்று மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு எந்த வழியும் சரியாகப் பிடிபடாது. வட்டிக்குக் கொடுப்பவர்கள் அடமானத்துக்குப் பதிலாகக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வாங்கிக்கொள்வது கொங்கு வட்டாரத்திலும் தென்மாவட்டங்களிலும் சகஜம். ஐந்து லட்சம் கடனுக்காக நாற்பது லட்சம் வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர், அது கடனுக்கான பிடிமானம்தான் என்பதைக் காட்டும் வட்டி ரசீதுகளையும் வங்கி வரவுகளையும் இப்போதே திரட்டி வைக்க வேண்டும்; ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்கு வந்த பிறகு தேடினால் பாதி கிடைக்காது.

ஐ.பி. மனு உண்மையில் என்ன செய்யும்

மனு ஏற்கப்பட்டு, நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததும், சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடமோ போய்ச் சேர்கிறது. அறிவிப்பு எப்போது வந்தாலும், மனுத் தாக்கலான நாளிலிருந்தே அது செயல்பட்டதாகக் கொள்ளப்படும். அதன்பின் புரோநோட்டுக்காரர் நீதிமன்ற அனுமதியின்றித் தனியாக வீட்டை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அதே வீட்டை விற்றுப் பங்கிடும் அதிகாரம் ரிசீவருக்கு வந்துவிடுகிறது. அடமானம் ஏதும் இல்லாத வீட்டைச் சில்லறைக் கடன்களுக்குப் பயந்து ஐ.பி. மனுவில் சேர்ப்பவர், வீட்டை அவராகவே கொண்டுபோய் ஒப்படைக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வங்கி அடமானத்தில் இருக்கும் வீட்டின் நிலை இதற்கு நேர்மாறு. அதே 28ஆவது பிரிவின் ஆறாவது உட்பிரிவு, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையை நொடிப்பு அறிவிப்பு தொடாது என்கிறது. ஆகவே ஐ.பி. மனு நிலுவையில் இருக்கும்போதே வங்கி, வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின்படி வீட்டைச் சுவாதீனம் எடுத்து ஏலம் விடலாம். வங்கி ஏலத்தை நிறுத்துவதற்காக ஐ.பி. போடுவது வீண்செலவு. இதை மனுதாரரிடம் முதல் நாளே சொல்லாத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது சிறியதும் அன்று. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, விவசாயியோ தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ சொந்தமாக வைத்து, தாமே குடியிருக்கும் வீட்டை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. ஜப்திக்கு விலக்கான சொத்து ரிசீவரிடமும் போகாது. விவசாயி என்பதற்கு நிலத்தைத் தாமே பயிரிட்டு, முக்கியமாக அந்த வருமானத்தையே நம்பி வாழ்பவர் என்று அச்சட்டம் விளக்கம் தருகிறது. சொந்த நிலமானாலும் குத்தகை நிலமானாலும் பொருந்தும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரில் பைனான்ஸ் நடத்துபவருக்கு இது உதவாது. சிட்டா அடங்கல் பெயரளவுக்கு இருந்தால் போதாது. விதை, உரம், நெல் கொள்முதல் ரசீதுகள் பேச வேண்டும். அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால், அடமானக்காரருக்கு எதிராக இந்த விலக்கைச் சொல்ல முடியாது. உண்மையான விவசாயியோ தினக்கூலித் தொழிலாளியோ, அடமானம் இல்லாத வீட்டில் குடியிருந்தால், எல்லா வழிகளிலும் ஐ.பி. மனுவே அவருக்கு உகந்ததாக இருக்கக்கூடும்.

மற்றவர்களுக்கு அந்த மனு தரும் பெரிய பலன் கைதிலிருந்து பாதுகாப்பு. அந்தப் பலனையும் இன்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. வெறும் ஏழ்மையால் டிக்ரித் தொகையை, அதாவது நீதிமன்றம் தீர்ப்பில் கட்டச் சொன்ன தொகையை, கட்ட முடியாதவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணமிருந்தும் ஏமாற்றுகிறவருக்குத்தான் சிவில் சிறை. காசோலை திரும்பிய வழக்கோ குற்றவழக்கு என்பதால், ஐ.பி. போட்டவர் மீதும் அது தன் வழியில் நடக்கும்.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது

இது ஒரு வழியாக எண்ணப்படுவதால் இதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடன் முற்றிய பிறகு மனைவிக்கோ மகனுக்கோ தான செட்டில்மெண்ட் எழுதுவது பதிவு அலுவலகத்தில் அரை மணி நேர வேலை. ஆனால் எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலான மனுவின்பேரில் எழுதியவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், 1920 சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். இரண்டு ஆண்டு காத்திருந்து பிறகு மனுப் போடலாம் என்று கணக்குப் போடுபவர்கள், சொத்துமாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவை மறந்துவிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் நோக்கில் எழுதிய பத்திரத்தை அதன்படி தனி வழக்கில் தாக்கலாம். அதோடு, அந்த நோக்கில் சொத்தை மாற்றுவதே ஒரு நொடிப்புச் செயல் என்பதால், பத்திரம் பதிவான மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே முந்திக்கொண்டு நொடிப்பு மனுப் போட இடமுண்டு. வீடும் மிஞ்சாது, நேர்மையான கடனாளி என்ற பெயரும் மிஞ்சாது. பின்னால் வரும் சமரசப் பேச்சில் யாரும் நம்பவும் மாட்டார்கள். மனைவி தம் சொந்தச் சம்பாத்தியத்திலோ தாய்வீட்டுப் பணத்திலோ முன்பே வாங்கிய வீடு என்றால் கதை வேறு. அது கணவரின் சொத்தே இல்லை.

வங்கியோடு பேசுவதும் தீர்ப்பாயத்துக்குப் போவதும்

அடமான வீட்டைக் காக்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது நாட்காட்டியை. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 60 நாள் கெடு வைத்து வங்கி நோட்டீஸ் அனுப்பும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். பலர் அந்த நோட்டீஸைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சுவாதீன நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்ட பின் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக 45 நாள் இருக்கிறது; சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் தீர்ப்பாயங்கள் உள்ளன. அங்கே இடைக்காலத் தடை கிடைத்தாலும், பெரும்பாலும் ஒரு பகுதித் தொகையைக் கட்டச் சொல்லித்தான் கிடைக்கும். வங்கியின் நடைமுறையில் மெய்யான பிழை இருந்தால் தீர்ப்பாயம் பயன்படும். பிழை இல்லாதபோது அது கால அவகாசத்தை விலைக்கு வாங்குவதுதான், அந்த அவகாசத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை எதுவரை என்பதில் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்பு ஏலம் முடியும் தறுவாயிலும் பணத்தோடு ஓடி வரலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மைத்துனர் பணம் அனுப்புகிறார், நகை விற்கிறோம் என்பதெல்லாம் அந்த நாளுக்கு முன் நடந்தாக வேண்டும்.

ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஓ.டி.எஸ்., உரிமையாகக் கேட்கக்கூடியது இல்லை. வங்கி மறுத்தால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 2021இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விலைமதிப்புள்ள வீடு கையில் ஈடாக இருக்கும்போது வங்கி அசலில் தள்ளுபடி தருவது அரிது. கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. வருமானம் தற்காலிகமாகக் குறைந்தவருக்கு இதைவிட மலிவான வழி வேறில்லை. வருமானமே நின்றுபோனவருக்கு இது நோயைத் தள்ளிப்போடும்.

நாமே விற்பதா, சமரசத் திட்டமா

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துலங்கும். திருப்பூரில் பின்னலாடை ஜாப் ஒர்க் செய்யும் ஒருவருடைய வீடு சந்தையில் 45 லட்சம் போகும் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு 30 லட்சம், புரோநோட்டுக்காரர்களுக்கு 40 லட்சம் பாக்கி. வங்கி ஏலத்தில் வீடு 38 லட்சத்துக்குப் போய், வட்டியும் செலவும் சேர்த்து வங்கி 32 லட்சம் எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது 6 லட்சம், அதாவது ரூபாய்க்கு 15 பைசா. அவரே வங்கியின் சம்மதத்தோடு 45 லட்சத்துக்கு விற்றால் 15 லட்சம் மிஞ்சும், ரூபாய்க்கு முப்பத்தேழரைப் பைசா. வீடு எப்படியும் போகப்போகிறது என்றால், ஏலத்துக்கு விடுவதைவிட நாமே விற்பது எல்லோருக்கும் லாபம். குடும்பம் ஒரு சிறு வாடகை வீட்டுக்குக் கண்ணியமாகக் குடிபோகவும் அது இடம் தரும்.

புரோநோட்டுக்காரர் டிக்ரி வாங்கி வீடு ஏலத்துக்கு வந்துவிட்ட நிலையிலும் சொந்த விற்பனைக்கு வழி அடைபடுவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது ஆணை, 83ஆவது விதியின்படி, அந்த வீட்டின் ஒரு பகுதியையோ வேறு நிலத்தையோ விற்றோ அடமானம் வைத்தோ தொகையைத் திரட்ட முடியும் என்று காட்டினால் நீதிமன்றம் ஏலத்தை ஒத்திவைக்கலாம். பின்னால் காலிமனை உள்ள வீடுகளுக்கு இது நல்ல வழி. மனையை விற்று வீட்டைக் காத்தவர்கள் உண்டு. ஏலமே முடிந்துவிட்டாலும், 89ஆவது விதியின்படி 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் குறித்த டிக்ரித் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு அவர் கொடுத்த விலையில் 5 சதவீதத்தையும் கட்டி ஏலத்தை ரத்து செய்யலாம். இவையெல்லாம் நீதிமன்ற ஏலத்துக்கு உரியவை. வங்கியின் சர்ஃபேசி ஏலத்தில் இந்தச் சலுகைகளை எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் இருந்துகொண்டே கடனைத் தீர்க்க நொடிப்புச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரே கதவு 38ஆவது பிரிவின் சமரசத் திட்டம். ஐ.பி. போடுகிறவர்களில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, ரூபாய்க்கு இத்தனை பைசா, இத்தனை தவணையில் தருகிறேன் என்று கடனாளி ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையோரும், தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு உரியவர்களும் ஏற்று, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால், நொடிப்பு அறிவிப்பு ரத்தாகி, வீடு ரிசீவரின் பிடியிலிருந்து திரும்பும். ஏற்காத சிறுபான்மையினரையும் திட்டம் கட்டுப்படுத்தும்.

மேற்படி திருப்பூர்க்காரரின் கணக்கில் இது எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம். வங்கிக் கடன் போக வீட்டில் அவருக்குள்ள மதிப்பு 15 லட்சம். அது 40 லட்சத்துக்கு ரூபாய்க்கு ஆறணா, அதாவது முப்பத்தேழரைப் பைசா, ஆகிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணாவுக்கு (ஐம்பது பைசாவுக்கு) கீழே இருந்து, அதற்குத் தாம் பொறுப்பில்லை என்று அவரால் காட்ட முடியாவிட்டால், குறைந்தது ஆறணாவுக்காவது தக்க பிணை காட்டாத திட்டத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்பது சட்டம். அணாக் கணக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. ஆகவே 15 லட்சத்துக்கு உறவினர் யாராவது தம் சொத்தைப் பிணையாகக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்களும் வீட்டை விற்றால் கிடைக்கும் ஆறணாவைவிட அதிகம் கிடைத்தால்தான் கை தூக்குவார்கள். எட்டணா, அதாவது 20 லட்சம், தருகிறேன் என்றால் பேச்சுக்கு வருவார்கள். அதை மூன்று ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 55,500 ரூபாய். 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கான வங்கித் தவணை சுமார் 30,400 ரூபாய். ஆக மாதம் 86,000 ரூபாய் வேண்டும். ஐந்து ஆண்டாக நீட்டினால் மொத்தம் 64,000க்கு அருகே வரும். தையல் மெஷின்கள் ஓடுகின்ற, ஆர்டர் வருகின்ற ஒருவருக்கு இது இயலும். யூனிட்டை மூடிவிட்டவருக்கு இயலாது. தவணை தவறினால் நீதிமன்றம் அவரை மீண்டும் நொடித்தவராக அறிவிக்கலாம், அப்போது கட்டிய பணமும் போய் வீடும் போகும்.

இந்த வாக்கெடுப்பில் கவனிக்க வேண்டியவர், தனியாளாக மொத்தத் தொகையில் கால் பங்குக்கு மேல் கொடுத்திருப்பவர். 40 லட்சத்தில் ஒருவரே 12 லட்சம் கொடுத்திருந்தால், அவர் மறுத்தாலே திட்டம் விழுந்துவிடும். மற்ற இருபது பேரைச் சமாதானம் செய்யும் முன் அவர் வீட்டுக்குப் போவதே புத்தி.

அதே வீடு 72 லட்சம் போகும் இடத்தில் இருந்தால் கணக்கே மாறிவிடும். வங்கிக் கடன் போக 42 லட்சம் மிஞ்சும். மற்றக் கடனோ 40 லட்சம். கடனைத் தீர்க்க இயலாதவர் என்று முதல் நோக்கிலாவது காட்டினால்தான் ஐ.பி. மனு நிற்கும் என்பதால், இவருடைய மனு தள்ளுபடியாகவே வாய்ப்பு. கடன் கொடுத்தவர்களும் முழு ரூபாய்க்குக் குறைந்து எதையும் ஏற்க மாட்டார்கள். இவர் விற்பதும், மிஞ்சியதில் சிறிய வீடு ஒன்றைப் பார்ப்பதும்தான் நியாயமான முடிவு என்பது என் எண்ணம். பெரிய வீட்டின் மீதுள்ள பற்று வட்டியாகக் கரைவதை நிறையப் பார்க்கிறோம்.

கம்பெனிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்களின் நிலை வேறு. 2016 சட்டத்தின்படி, வில்லங்கம் இல்லாத ஒரே குடியிருப்பு வீடு நகர்ப்புறத்தில் 20 லட்சம், கிராமப்புறத்தில் 10 லட்சம் ரூபாய் மதிப்புக்குள் இருந்தால் அது பங்கீட்டில் சேராது. இன்றைய மனை விலையில் நகரத்து வீடுகளில் எத்தனை இதற்குள் அடங்கும் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

பங்காளிகள் உள்ள வீடு

வீடு ஒருவருடையதாக மட்டும் இல்லாமல் குடும்பத்துக்குப் பொதுவானதாக இருந்தால், எல்லோரும் கவனிக்கத் தவறும் ஒரு வழி திறக்கிறது. கடனாளியின் பங்கு மட்டுமே ரிசீவரிடம் போகும். அப்பாவின் கடனைப் பிள்ளைகள் தீர்த்தாக வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமை, 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தத்துக்குப் பின் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. குடும்பத் தேவைக்காகக் குடும்பத் தலைவராக நின்று வாங்கிய கடன் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் மட்டும் நிலைமை மாறும். ஆனால் தாத்தாவின் வீடு என்பதாலேயே அது பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தாவின் தனிச் சொத்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் இல்லாமல் அவர் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்தே. பேரன் பேத்திகள் அதில் பிறப்புரிமை கேட்க முடியாது.

பொதுவீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், சொத்துமாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி குடும்பத்தோடு கூட்டாகக் குடியேற முடியாது. பாகப்பிரிவினை கேட்டு வழக்குத்தான் போட வேண்டும். அப்படி அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, குடும்பத்தைச் சேர்ந்த பங்குதாரர் அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலையில் தாமே வாங்கிக்கொள்ள உரிமை தருகிறது. இதனால் பொதுவீட்டில் ஒரு பங்கை ஏலத்தில் எடுக்க வெளியார் தயங்குவார்கள், விலையும் குறையும். அண்ணனோ அக்காவோ ரிசீவரிடமே நேராகப் பேசி அந்தப் பங்கை வாங்குவதற்கு ஏற்ற சூழல் இது. வாங்குபவரின் பணம் அவருடைய சொந்தப் பணம் என்பது வங்கிக் கணக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும். கடனாளியின் கணக்கிலிருந்து ஆறு மாதம் முன்பு போய்ச் சுற்றி வந்த பணம் என்றால், ரிசீவர் கேட்கும் முதல் ஆவணமே அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டாகத்தான் இருக்கும்.